கொதித்த சக்கரத்தில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் ஊரில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. இரும்பு வளையத்தை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகள் வேலை. காய்ந்த இரும்புக்குத் தண்ணீர் நல்லது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நெல் ஏற்ற வரும் கூட்ஸ் வண்டியின் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிக் கேட்பார். நல்ல சக்கரம் வெண்கலப் பானை மாதிரி கணீரென்னும். விரிசல் விட்டது மண்சட்டி மாதிரி.

ஒரு நாள் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். எனக்கு எட்டு வயசிருக்கும். கடைசிப் பெட்டியில் ஒரு சக்கரம் புகைந்துகொண்டிருந்தது. பிரேக் கட்டை விடாமல் உரசிக்கொண்டே வந்ததில் விளிம்பு நீலம் பாரித்திருந்தது. அப்பா எஞ்சின் பக்கம் நின்றார். அவருக்கு ஒத்தாசை என்று நினைத்து, ஸ்டேஷனில் தொங்கிய சிவப்பு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கவிழ்த்தேன். சுர்ரென்று ஆவி கிளம்பியது. எனக்குப் பெருமைதான்.

அப்பா ஓடிவந்தார். அடிக்கவில்லை. சூடு ஆறும்வரை இருந்து தட்டினார். கணீரென்றது.

"நல்லாத்தானேப்பா கேக்குது?"

"கேக்கும்மா. சூட்டுல தண்ணி பட்ட இரும்பு உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டு நிக்கும், ஓடுறப்ப பிளந்துடும். வெளியில சொல்லாது."

கூட்ஸ் வண்டியின் கார்டு, கிளம்பும் அவசரத்தில் பறந்தார். "கணீர்னு அடிக்குது, விடுங்க. புள்ள தண்ணி ஊத்துனத யாரு பாத்தா? எழுதினீங்கன்னா உங்க வேலைதான் போகும்."

அப்பா அந்தப் பெட்டியைக் கழற்றச் சொன்னார். தன் மகள் தண்ணீர் ஊற்றியதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நாத்துக்குத் தண்ணி பாய்ச்சச் சொன்னா நகரமாட்டா, ரயிலுக்குப் பாய்ச்சிட்டு வந்திருக்கா" என்றாள். அப்பா மட்டும் எதைக் கேட்டாலும் கணீரென்று பதில் சொன்னார்.

பத்து நாள் கழித்து ரயில்வே பட்டறையிலிருந்து சேதி வந்தது. சக்கர விளிம்பை ரம்பம் போட்டு அறுத்துப் பார்த்தார்களாம். தண்டவாளத்தில் அழுந்தி அழுந்தி ஓடிய நல்ல விளிம்பு தன்னைத்தானே இறுக்கிக்கொண்டிருக்குமாம். அறுத்தால் ரம்பத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். இது அறுக்க அறுக்க வாய் பிளந்ததாம். பிரேக் சூடே அதைக் கெடுத்திருந்தது, தண்ணீர் மட்டும் காரணமில்லை என்று எழுதி, அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

நெருப்பு இல்லை, ஓட்டமும் இல்லை, ஆறின இரும்புக்குள் எது இழுக்கும்? வெகுநாள் வண்டிச் சக்கரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வேலை இல்லாத அந்தப் பத்து நாளும் அப்பா காலையில் சட்டை மாட்டி, சுத்தியல் இல்லாமல் ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அதை நான் பார்த்தேன், அவ்வளவுதான்.