யாரிடம் லீவு கேட்பது?

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மகனின் நர்சரியிலிருந்து ஃபோன். "மோனு பனியாணு, வேகம் வரணே" என்றார் டீச்சர். மலையாளத்தில் மோன் என்றால் மகன், பனி என்றால் காய்ச்சல்.

நான் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் கரண்டியோடு நின்றிருந்தேன். கேரள எல்லையில் இருக்கிற வெள்ளறடையில் ஆறு பெண்கள் சேர்ந்து மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ் போடுகிறோம். எங்கள் யூனிட்டுக்கு லீடர் கிடையாது. 'ஆறு பேரும் சமம்' என்று முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டியாயிற்று. எழுதியது நான்தான்.

லீடர் இல்லையென்றால் அதட்ட ஆள் இல்லை... அன்று அவ்வளவுதான் யோசித்தேன். லீவு கேட்கவும் ஆள் இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

தோல் சீவிக்கொண்டிருந்த ஷைலா அக்காவிடம் கேட்டேன்.

"போ மக்கா. எதுக்கும் மத்தவியகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கோ."

மற்றவர்களிடம் கேட்டேன். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஷைலா அக்காட்ட கேட்டியா?"

முறைப்படி இருக்கட்டுமே என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். எல்லோரும் ஒரே அறையில்தான் இருந்தோம். நான்கு கட்டைவிரல்கள் வந்தன. கரண்டி மட்டும் என் கையிலேயே இருந்தது. சட்டியில் ஒரு ஈடு வெந்துகொண்டிருக்கும்போது எப்படி விட்டுவிட்டுப் போவது?

வராத ஐந்தாவது விரல் ஜெஸிந்தாவுடையது. என் வயதுதான். மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டாள். கவர் ஒட்டுகிற மெஷினை அணைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சலாக்கும். நீ இங்க ஓட்டெடுப்பா நடத்துத?"

ஓடினேன். மகன் டீச்சர் மடியில் சுருண்டு கிடந்தான். "அம்மா, ஏன் லேட்டு?"

"மீட்டிங்" என்றேன்.

காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஷைலா அக்கா, "பேசாம ஜெஸிந்தாவையே லீடராக்கினா என்ன?" என்றார்.

"வேண்டாம்" என்றாள் ஜெஸிந்தா. "பொறவு எல்லாவரும் எங்கிட்ட வந்து லீவு கேட்டுட்டு நிப்பிய."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் புரிந்தது. லீடர் வேண்டாம் என்று எழுதி ஒட்டிவிடலாம். கரண்டியை வாங்க ஒரு கை வேண்டாம் என்று எழுத முடியுமா?

நேற்று ஷைலா அக்காவின் ஃபோன் அடித்தது. யாரையும் கேட்காமல் நேரே போய், அவர் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டேன். "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்."

சிம் கம்பெனியின் ரீசார்ஜ் விளம்பரமாம்.

கத்தியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று இனி யாரிடம் கேட்பது?