மருதாணிக் கிரீடம்

ஜுலைகா.

உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நீ இருந்தவரை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். தப்பித் தவறிப் பெயர் வந்துவிட்டால் அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். இப்போது அந்தப் பெயர் காதில் விழுந்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அவள் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து ஒரு தடவை கூப்பிட்டுவிட்டேன். இனி அக்கா என்றே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாலக்கரையில். அத்தாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, காந்தி மார்க்கெட்டில் வாழை மண்டி. ஸ்ரீரங்கத்துத் தோட்டங்களிலிருந்து விடிகாலையில் வண்டி வண்டியாகத் தார் வந்து இறங்கும். பூவனா, ரஸ்தாளியா, மொந்தனா என்று அத்தா கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். வாழையைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம்.

அக்கா எட்டாவது படிக்கும்போது வயசுக்கு வந்தாள். அதோடு ஸ்கூலை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அக்கா அழவில்லை. ஆனால் தினமும் ஸ்கூல் மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியாக ஜடை பின்னி, நீல ரிப்பன் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். வீட்டில் இருக்கிறவளுக்கு எதற்கடி ரிப்பன் என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். அக்கா அவிழ்க்கவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமு, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். சாயங்காலமானால் தெருமுனைப் படிப்பகத்துக்கு அவர்தான் செயலாளர். பினாங்கிலிருந்து ஊருக்கு வந்த யாரோ ஒருவர் அந்தப் படிப்பகத்துக்கு மூன்று தடித்த புத்தகங்கள் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று செடி கொடிகளைப் பற்றி, ஒன்று மிருகங்களைப் பற்றி, ஒன்று பழைய காலத்துக் கிரேக்க நாட்டைப் பற்றி. தினசரிப் பேப்பருக்கு அடித்துக்கொள்கிறவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. கொடுத்தவர் திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துபோன மாமு, ஆண்டு விழாவில் அந்த மூன்று புத்தகங்களிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி என்று அறிவித்துவிட்டார். ஜெயிக்கிற பிள்ளைக்கு வெள்ளி மாதிரி மினுங்குகிற ஒரு கப்.

போட்டிக்கு ஆள் சேரும்வரை புத்தகங்கள் எங்கள் வீட்டில்தான் கிடந்தன. அக்கா அதை அடுப்பு வெளிச்சத்தில் படித்தாள். ஒரு நாள் மத்தியானம் அத்தாவும் மாமுவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“அத்தா, வாழை மரம் இல்லையாம்.”

அத்தா பிசைவதை நிறுத்தினார். “பின்ன என்ன, மாடா?”

“பூண்டு வகைச் செடியாம். உள்ளுக்குக் கட்டையே கிடையாது. மட்டை மேல மட்டை சுருட்டிக்கிட்டு நிக்குதாம்.”

“அப்ப நான் இத்தனை வருஷமா புல்லு யாவாரமா பண்றேன்?”

மாமுவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அதுதான் அத்தாவுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தெரிந்தவள் சின்னவளை மேடை ஏற்றிக் காட்டட்டும் என்று என்னைக் கையால் காட்டினார். “இவ அந்தக் கப்ப வாங்கிட்டு வரட்டும். நீ மறுபடி ஸ்கூலுக்குப் போ. நான் தடுக்கல” என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் மண்டியில் வாயால் சொன்ன விலையை ஒரு நாளும் மாற்றாத மனுஷர் அவர். அது அக்காவுக்குத் தெரியும். மாமுவின் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டு, “மாமு, நீங்கதான் சாட்சி” என்றாள்.

மறுநாளிலிருந்து எனக்கு விளையாட்டு போயிற்று. எனக்கு எட்டு வயது. கப்பில் ஐஸ்கிரீம் போட்டுச் சாப்பிடலாம் என்பதைத் தவிர வேறு நினைப்பு எனக்கில்லை. அக்கா அரிசி களைந்துகொண்டே கேட்பாள், அம்மி அரைத்துக்கொண்டே கேட்பாள். பதில் சொன்னால்தான் தலை வாரிவிடுவாள். வௌவால் பறவை இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. திமிங்கிலம் மீன் இல்லை. கடல் குதிரையில் ஆண்தான் முட்டையை வயிற்றுப் பையில் சுமந்து குஞ்சு பொரிக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “அந்தக் குடுப்பினை நமக்கு ஏது” என்று பெருமூச்சு விட்டாள். கிரேக்கர்களின் பந்தயத்தில் ஜெயித்தவனுக்குப் பணமும் கப்பும் கிடையாது, ஒலிவ இலையில் கட்டிய கிரீடம்தான். ஒலிவம் என்பது நாம் ஓதுகிறோமே, அந்த ஜைத்தூன்தான் என்று அக்கா சொன்னபோது, கிரேக்க நாடு எங்கள் பள்ளிவாசலுக்குப் பின்னால் எங்கேயோ இருப்பதாக எனக்குத் தோன்றிவிட்டது.

ஒரு கதையும் சொன்னாள். சண்டை முடிந்து கப்பலில் ஊருக்குத் திரும்புகிறவர்கள் வழியில் ஒரு தீவில் இறங்குகிறார்கள். அங்கே ஒரு மந்திரக்காரி. நல்ல சாப்பாடு போட்டு, கோலால் தட்டி, அத்தனை பேரையும் மிருகமாக்கிவிடுகிறாள். என்ன மிருகம் என்று கேட்டேன். அக்கா புத்தகத்தில் இருந்த படத்தின் மேல் விரலை வைத்தாள்.

எங்கள் வீடுகளில் அந்த மிருகத்தின் பெயரை வாயில் எடுக்க மாட்டோம். எடுத்தால் நாற்பது நாள் நாக்கில் ஈமான் என்கிற இறைநம்பிக்கை நிற்காது என்று அம்மா சொல்வாள். தெருவில் குறுக்கே ஓடினால்கூட, “அந்தா போகுது பாரு, அது” என்றுதான் சொல்வோம்.

“மனசுக்குள்ள வச்சுக்க. வாயால சொல்லக் கூடாது” என்றாள் அக்கா. சரி என்று தலையாட்டினேன்.

விழா சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆரம்பித்தது. படிப்பகத்துக்கு முன்னால் பந்தல். ஒரு பாதியில் ஆண்கள், மறு பாதியில் கனத்த ஜமக்காளத்தைத் திரையாகக் கட்டி அதற்குப் பின்னால் பெண்கள். சின்னப் பெண்கள் மேடை ஏறலாம், பெரியவர்களுக்குத் திரைதான். அக்கா திரைக்கு அந்தப் பக்கம் அம்மாவோடு உட்கார்ந்தாள். முன்வரிசையில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், அவருக்குப் பக்கத்தில் அத்தாவும், அத்தாவோடு மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிற செட்டியாரும் இருந்தார்கள். கேள்வி கேட்க மாமு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு காலேஜ் வாத்தியாரைக் கூட்டி வந்திருந்தார். நெற்றியில் நாமமும் முகத்தில் சிரிப்பும். மாமு மைக்கைத் தட்டிப் பார்த்து விதி சொன்னார். யாராவது பதிலை எடுத்துக் கொடுத்தால் அந்தக் கேள்விக்கான மார்க் எதிராளிக்குப் போய்விடும்.

முதல் கேள்வியே வாழை மரமா, செடியா என்றுதான். பூண்டு வகைச் செடி என்று கத்தினேன். செட்டியார் அத்தா பக்கம் திரும்பி, “என்ன பாய், அப்ப நாமெல்லாம் புல்லுக்கட்டு ஏவாரிகளா?” என்றார். கடல் குதிரைக்கு நான் பதில் சொன்னபோது திரைக்குப் பின்னால் பெண்கள் சிரித்த சிரிப்பில் ஜமக்காளம் ஆடியது. ஒவ்வொருவராக இறங்கிப் போய்க் கடைசியில் நானும் தோல் மண்டிக்காரர் வீட்டுப் பையனும் மட்டும் நின்றோம். இருவருக்கும் சம மார்க். இன்னும் ஒரே கேள்வி, அது என் முறை.

வாத்தியார் அந்தக் கிரேக்கக் கதையைச் சொன்னார். மந்திரக்காரி அவர்களை என்ன மிருகமாக மாற்றினாள் என்று கேட்டார்.

“தெரியும்” என்றேன்.

“சமத்து. சொல்லு.”

“சொல்ல மாட்டேன்.”

பந்தல் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். “தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடலாம் கொழந்தே, தப்பில்லே.”

“எனக்குத் தெரியும்.” குரல் உடைந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர், தெரியும் என்று சொல்ல மட்டும்தான் தெரியும்போல என்றார். மறுபடி சிரிப்பு. அத்தா தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹஜ்ரத் மட்டும் சிரிக்கவில்லை. வாத்தியாரைக் கையசைத்துக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார், கையிலிருந்த புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். நான் வாய்விட்டு அழ ஆரம்பித்திருந்தேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“அவளுக்குத் தெரியும். வாயால சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சேன். பன்னி.”

ஒரு வயசுப் பெண்ணின் குரல் அத்தனை ஆண்களுக்கு நடுவில் வந்து விழுந்தது. அதுவும் அந்த வார்த்தையோடு. வாத்தியார் புத்தகத்தை மூடிவிட்டு மாமுவைப் பார்த்தார். விதியைச் சொன்னதே மாமுதான், அதுவும் சொந்த அக்கா மகள் விஷயம். மைக்கை வாயருகே கொண்டுவந்து மார்க் எதிராளிக்கு என்றார். கப்பைத் தோல் மண்டி வீட்டுப் பையன் வாங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா வாய் கொப்பளித்தாள். துப்பிவிட்டு, குர்ஆன் ஓதும்போது அந்தப் பெயரை அரபியில் சொல்லத்தானே செய்கிறோம், அப்போது வாய் கொப்பளிக்கிறோமா என்று கேட்டாள். அம்மா செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அத்தா சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“எடுத்துக் குடுத்தா மார்க் போயிரும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் அத்தா.”

“தெரிஞ்சேவா?”

“அவ பொய் சொல்றான்னு நெனச்சு எல்லாரும் சிரிச்சாங்க அத்தா. அவளுக்குத் தெரியும்.”

அன்று அத்தா சாப்பிடவில்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். கப் வரவில்லை, ஸ்கூலும் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு அத்தா வாயிலிருந்து ‘வாழை மரம்’ என்ற பேச்சு வந்ததே இல்லை. வெறும் வாழை என்றுதான் சொல்கிறார், இன்றுவரை.

மறுநாள் நான் கப் கப் என்று அழுதுகொண்டிருந்தேன். அக்கா கொல்லையில் இருந்த மருதாணிச் செடியிலிருந்து கொப்பு ஒடித்து வளைத்து, பின்னிக் கட்டி, என் தலையில் வைத்தாள். கிரேக்கத்தில் கப்பெல்லாம் மதிக்க மாட்டார்கள், இலைதான் உசத்தி என்றாள். எனக்கு அது ஏமாற்று வேலை என்று தெரிந்தது. ஆனாலும் தெருவில் போட்டுக்கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டு ஆடு பின்னாலேயே வந்து, நான் குனிந்த நேரத்தில் கிரீடத்தை இழுத்துத் தின்றுவிட்டது. இலை போன இடத்தில் ஒரு நீல ரிப்பன் மட்டும் கிடந்தது. அக்கா வந்து எடுத்து, உதறி, மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அன்று அவள் ஜடை வெறுமனே தொங்கியது. அதற்குப் பிறகும் அப்படித்தான். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆடு என் கிரீடத்தைத் தின்ற கோபத்திலேயே இருந்தேன்.

நானும் ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். இதை எழுதும் அளவுக்கு எழுத்து வந்ததும் அக்கா அடுப்படியில் சொல்லிக் கொடுத்ததுதான். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் பிறந்தது. இரண்டாவது பிரசவத்தில், போன ரஜபு மாதம், அவளும் போனாள், பிள்ளையும் போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்தக் கடல் குதிரை ஞாபகம்தான் வந்தது.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு மாமு என்னிடம் ஒன்று சொன்னார். அன்றைக்கு ஹஜ்ரத் வாத்தியாரைக் கூப்பிட்டு, எங்கள் பிள்ளை அந்தப் பெயரைச் சொல்லாது, வேறு கேள்வி கேளுங்கள் என்றுதான் சொன்னாராம். வாத்தியார் புரட்டியது வேறு கேள்விக்காகத்தான். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் கேட்டிருப்பார். அதை மேடையிலிருந்து நான் பார்த்தேன், பார்த்தும் விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியிருக்கும், ஆனால் அவளுக்கு முன்னால் ஜமக்காளம் தொங்கியது. சிரிப்பும் என் அழுகையும் மட்டும்தான் அந்தப் பக்கம் போயின. அவளுக்கு இது தெரியாமலே போனது நல்லதுதானா என்று யோசித்துப் பார்க்கிறேன். முடிவுக்கு வர முடியவில்லை.

அக்காவின் மகள் எங்களோடுதான் இருக்கிறாள். அந்த ரிப்பனை எடுத்து வைத்திருக்கிறேன். அவளை ஸ்கூலில் சேர்ப்பேன், வயசுக்கு வந்தாலும் நிறுத்த விடமாட்டேன், இதில் பந்தயம் எதுவும் கிடையாது என்று அத்தாவிடம் சொல்லிவிட்டேன். அத்தா, “கொண்டுபோய் விடுறது யாரு?” என்று கேட்டார். நான்தான் என்றேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடக்கம் செய்த கபுரில் மலக்குகள் என்கிற வானவர்கள் வந்து கேள்வி கேட்பார்கள் என்று எங்களுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். அக்காவுக்கு எல்லாப் பதிலும் தெரியும். ஆனால் அங்கே எடுத்துக் கொடுக்கத் திரைக்குப் பின்னால் யாரும் இல்லை. அவள் நாக்கு தடுமாறாமல் இருக்க, நீங்கள் எந்த மார்க்கத்தவரானாலும், உங்களுக்குத் தெரிந்த முறையில் படைத்தவனிடம் ஒரு தடவை துஆ கேளுங்கள்.