ஹோரேஸ் கிரீருக்கு வராத ஐந்தாவது சீட்டு

எமில் பாவ்லிக் நல்ல மனுஷன் என்று பிராட்ஷா ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அவரே அதை நம்பிவிட்டதுதான் கோளாறு.

ஆற்றங்கரை இரும்பாலை இழுத்து மூடப்படும்வரை அவருக்கு அங்கே எடைமேடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளத்தாக்கு லீக் பேஸ்பால் ஆட்டங்களுக்கு ஸ்கோரர். நாற்பத்தாறு வருஷம் ஒரே மரக்கூண்டில், ஒரே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஸ்கோரர் என்றால் ஓட்டம் எண்ணுகிறவர் மட்டும் இல்லை. மட்டை பிடித்தவன் முதல் தளத்துக்கு ஓடிச் சேர்ந்தால் அது அவன் அடித்த அடியா, எதிராளி பந்தைக் கோட்டைவிட்ட பிழையா என்று தீர்ப்புச் சொல்கிறவர். அடி என்றால் ஆட்டக்காரன் கணக்கில் ஏறும். பிழை என்றால் அவனுக்குப் பட்டை நாமம்தான், தளத்தில் நின்றாலும் அவுட் ஆனவன் கணக்கு.

தீர்ப்புப் பிடிக்காதவர்கள் மறுநாள் வீடு தேடி வந்து மல்லுக்கு நிற்பார்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஸ்கோரர் மனசு மாறினால் மாற்றலாம் என்பது லீக் சட்டம். அதைத் தாண்டி வந்தவனிடம் எமில் கதவைப் பாதி திறந்து ஒரே பாட்டைத்தான் பாடுவார்: "இருபத்துநாலு மணி நேரம் ஆயிடுச்சுப்பா. இனி போப்பாண்டவரே வந்தாலும் மாறாது." பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அவர் மாதிரியே குரலைக் கனமாக்கி இதைச் சொல்லிக் கிண்டல் பண்ணும்.

மாதாகோவில் கீழ்த்தளத்தில், பியரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசையும் மேசைகளுக்குப் பின்னால், லீக்கின் கௌரவச் சுவர் இருக்கிறது. நாற்பத்து மூன்று வெண்கலப் பலகைகள். அதில் கறுப்பு ஆட்டக்காரர்கள் இரண்டே பேர், அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஊர் இது. பத்து வருஷம் ஆடி, ஆயிரத்துக்கு முந்நூறு என்ற கணக்கில் அடித்தவனுக்குப் பேச்சே இல்லாமல் பலகை உண்டு. அதற்குக் குறைந்தவன் விடுபட்டவர்கள் பட்டியலில் காத்திருக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஞாயிறு எமில் உள்பட ஏழு பேர் கூடி அந்தப் பட்டியலை அலசுவார்கள். மடித்த சீட்டில் ரகசிய வாக்கு, ஐந்து விழுந்தால் சுவர், இல்லாவிட்டால் அடுத்த பிப்ரவரி.

ஹோரேஸ் கிரீர் பதினாலு பிப்ரவரி காத்திருந்தார். பதினொரு வருஷ ஆட்டத்தில் ஆயிரத்து இருநூற்று மூன்று முறை மட்டை பிடித்து முந்நூற்று அறுபது அடி. வகுத்தால் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஒரே ஒரு அடி கூடியிருந்தால் முந்நூறு ஆகியிருக்கும். வருஷா வருஷம் அவருக்கு நாலு சீட்டு விழும், ஐந்தாவது விழாது.

அந்த ஒரு அடி எங்கே போனதென்று எமிலுக்குத் தெரியும்.

1971 ஆகஸ்ட், ஞாயிறு மதியம். எமிலின் தம்பி ரூடி பந்து வீசுகிறான். ஏழாவது சுற்றுவரை எதிரணியில் ஒருத்தனுக்கும் ஒரு அடி கிடைக்கவில்லை. கடைசிவரை இப்படியே போனால் அதற்கு நோ ஹிட்டர் என்று பேர், சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம். அப்போது ஹோரேஸ் வந்து தரையோடு தரையாக ஒன்று விட்டார். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நின்றவன் குட்டிக்கரணம் அடித்து விழுந்தும், பந்து அவன் கையுறை நுனியில் பட்டு ஓடிவிட்டது. அவன் எழுந்திருப்பதற்குள் ஹோரேஸ் தளத்தில் நின்றார். அப்பழுக்கில்லாத அடி. ஆனால் ஸ்கோரர்களுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. நோ ஹிட்டரைக் கெடுக்கிற முதல் அடி ஐயத்துக்கே இடமில்லாததாக இருக்க வேண்டும், ஒரு விரல் பட்டாலும் பிழை என்றே எழுதிவிடுவார்கள். எமில் அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பிழை என்று எழுதினார். தம்பிக்காகத்தான் எழுதினார், வேறு எந்த மண்ணாங்கட்டிக்காகவும் இல்லை.

மறுநாள் வேலை முடிந்த கையோடு ஹோரேஸ் எமிலின் வீட்டுக் கதவைத் தட்டினார். இருபத்துநாலு மணி நேரத்துக்கு இன்னும் பொழுது இருந்தது. எமில் நிலவறைக்கு இறங்கிப் போய் நிலக்கரிக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மனைவி ஓல்காவிடம், தான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஹோரேஸ் திரும்ப வந்தார். எமிலே கதவைத் திறந்து, வழக்கமான பாட்டைப் பாடினார்.

ரூடிக்கு அந்த ஓர் ஆட்டத்தின் புண்ணியத்தில் பலகை கிடைத்தது. அவன் செத்து ஒன்பது வருஷமாகிறது. எமிலோ ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஹோரேஸுக்காக உருகி உருகிப் பேசுவார். பேசிவிட்டு, சீட்டில் 'இல்லை' என்று எழுதிப் போடுவார். பலகை செதுக்க வேண்டுமென்றால் பழைய ஸ்கோர் புத்தகங்களை எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள், எவன் கண்ணிலாவது அந்தக் கட்டம் படும் என்ற பயம். வெளியில் ஒப்புக்கொள்வாரா? எழுதினது எழுதினதுதான், எண்ணுக்கு முன்னால் எல்லாரும் சமம் என்று தனக்குத் தானே உபதேசம் வேறு.

இந்த வருஷம் ஜனவரியில் மளிகைக்கடையில் ஹோரேஸைப் பார்த்தார். மூக்கில் குழாய், தள்ளுவண்டியில் ஆக்ஸிஜன் உருளை. ஹோரேஸ் மாதிரிக் கறுப்பர்களை, நிலக்கரியைச் சுட்டெடுக்கும் கோக் அடுப்பு மேல்தான் அந்த ஆலையில் நிறுத்துவார்கள், நுரையீரல் அங்கேயே வெந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் பலகையைப் பற்றி வாய் திறந்து கேட்காதவர் அன்றைக்குக் கேட்டார்.

"எமில், பிப்ரவரியில என் பேரு இருக்கா?"

"இருக்கு ஹோரேஸ்."

"இருந்தா சரி. அடுத்த வருஷம்ங்கறது எனக்கு இல்ல."

அதனால்தான் பிப்ரவரிக் கூட்டத்துக்கு எமில் 1971 ஸ்கோர் புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

தலைவர் வுகோவிச், சவ அடக்க நிலையம் நடத்துகிறவர், எதையும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார். ஹோரேஸுக்காக வழக்கம்போல் முதலில் எகிறியவர் டாம் ஸ்கார்பா, ஓய்வுபெற்ற தபால்காரர். ரூடியின் அந்த ஆட்டத்தில் மட்டைக்குப் பின்னால் குத்தவைத்துப் பந்து பிடித்தவர் இவர்தான்.

"இடது மூலையில அவன் மாதிரி ஓடிப் பிடிச்சவன் எவன், சொல்லுய்யா. அந்த மனுஷனை இன்னும் வெளியில நிக்க வெச்சிருக்கோமே, வெக்கமா இல்ல?"

"ஓடினதுக்கு நான் மாலையே போடறேன் டாம்," என்றார் வுகோவிச். "முந்நூறு இல்லியே. அவரை ஏத்தினா நாளைக்கு பீனட் கோவாக்கையும் ஏத்தச் சொல்லுவாங்க."

"பீனட்டா? அவன் அடிச்சதைவிடக் குடிச்சதுதான் ஜாஸ்தி."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் எமில் புத்தகத்தை மேசையில் விரித்து அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். ஏழாவது சுற்று. பிழை என்று எழுதியிருக்கிறேன், அது பிழையில்லை, நல்ல அடி, தெரிந்தே மாற்றி எழுதினேன் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். நிலவறையில் ஒளிந்ததைக்கூட விடவில்லை. தட்டுகளில் முட்டைக்கோஸ் ரோல் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை.

"அப்ப ரூடியோட நோ ஹிட்டர்?" என்றார் ஸ்கார்பா.

"இல்லை டாம்."

"நான் பிடிச்ச நோ ஹிட்டர்யா அது."

ஸ்கார்பா புத்தகத்தைத் தள்ளிவிட்டார்.

"அந்தப் பந்து என் வீட்டுக் கூடத்துல கண்ணாடிப் பெட்டியில இருக்கு. இவனுக்காகப் பதினாலு வருஷம் தொண்டை கிழியக் கத்தினவன் நான். இப்ப என் கையாலேயே அதைத் தூக்கிக் குப்பையில போடணுமா?"

"எதையும் போட வேண்டாம்," என்றார் வுகோவிச், பிணத்துக்குப் பக்கத்தில் பேசுகிற அதே குரலில். "இருபத்துநாலு மணி நேரம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. எமிலே ஆயிரம் தடவை சொன்னதுதான். புத்தகத்துல இருக்கறதுதான் கணக்கு. சீட்டை எழுதுங்க."

எமில் தன் சீட்டில் 'ஆம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். எண்ணினார்கள். நாலு.

வெளியே வரும்போது வுகோவிச் அவர் தோளைத் தட்டி, "பாரத்தை இறக்கி வெச்சுட்டே. இனி நிம்மதியாத் தூங்கு," என்றார். வெட்கக்கேடு என்னவென்றால், எமிலுக்கு நிஜமாகவே பாரம் இறங்கித்தான் இருந்தது. அந்த நிம்மதியோடுதான் ஹோரேஸ் இருக்கும் மேட்டுத் தெருவுக்குக் காரை ஏற்றினார்.

ஹோரேஸ் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா எமில். பனியை உதறிட்டு வா. எத்தனை?"

"நாலு."

"அதானே."

எமில் உட்கார்ந்து, கோவிலில் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னார். உருளை புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இதைச் சொல்லவா வந்தே? அது அடின்னு எனக்குத் தெரியாதா? நான்தானே அடிச்சேன்."

"அந்தத் திங்கக்கிழமை நான் வீட்டுலதான் இருந்தேன் ஹோரேஸ்."

"அதுவும் தெரியும். உன் தொப்பி ஆணியில தொங்கிச்சு. பாவம் ஓல்கா, பொய் சொல்ல வராம என் ஷூவையே பார்த்துட்டு நின்னா."

எமில் புத்தகத்தைத் திறந்து பென்சிலை எடுத்தார். "இப்ப உன் கண் முன்னாலயே மாத்தி எழுதறேன்."

ஹோரேஸ் அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்தார். "இருபத்துநாலு மணி நேரம் ஆயிடுச்சுப்பா."

புத்தகத்தை மூடிவிட்டு, "நாலு பேர் யாரு யாரு?" என்று கேட்டார்.

"வழக்கமாப் போடற மூணு பேரு. அப்புறம் நான்."

"ஸ்கார்பா?"

"பின்வாங்கிட்டான். அந்தப் பந்தை வெச்சிருக்கான்ல."

ஹோரேஸ் விரல்களை மடக்கிப் பார்த்தார். "போன வருஷம் ஸ்கார்பா போட்டான். அப்பவும் நாலுதான்."

எமில் கம்பளத்தைப் பார்த்தார்.

"அப்ப நீ போடலை. ஒரு வருஷமும் போடலை."

"எண்ணுன்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு மரியாதைன்னு..."

"நிறுத்து. இன்னிக்கு நீ வாயை மூடிக்கிட்டு அந்தச் சீட்டை மட்டும் போட்டிருந்தா அஞ்சு. ரூடி பலகையும் அங்கேயே இருக்கும், பக்கத்துல என்னோடதும் இருக்கும். இது உனக்குத் தோணவே இல்லியா?"

தோன்றாமல் என்ன? காலையில் முகம் மழிக்கும்போதே தோன்றியது. ஆனால் அப்படிச் செய்தால், தான் மனம் திருந்தியது ஒருத்தருக்கும் தெரியாமல் போய்விடுமே என்றும் கூடவே தோன்றியது. அதை எமில் சொல்லவில்லை. ஹோரேஸ் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை, டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"போறப்ப கதவை நல்லாச் சாத்து. குளிர் வருது."

ஏப்ரலில், ஆட்டங்கள் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், ஹோரேஸ் போய்ச் சேர்ந்தார். வுகோவிச்சின் நிலையத்தில்தான் இறுதிச் சடங்கு. ஏற்பாடெல்லாம் பிரமாதம். லீக்கிலிருந்து வந்தவர்கள் ஹோரேஸின் மகளுக்குத் துக்கம் சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் எமிலின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீயாவது மனசாட்சியோட உண்மையைச் சொன்னியேப்பா. நல்ல மனுஷன்யா நீ."

எமில் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டி நன்றி சொன்னார்.