லால்பாக் பாறைமேல் ஒரு ரோஸ் ஸ்வெட்டர்

இன்று காலை லால்பாக்கில் ட்ரோன் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன்...

ஒரு கம்பெனியின் காலண்டருக்காக மேலிருந்து எடுக்கும் படங்கள். (அனுமதி கிடைப்பதற்குள் என் செருப்பு தேய்ந்துவிட்டது.)

கண்ணாடி மாளிகை முடிந்தது. ஏரி பாக்கி. கையில் இருந்தது கடைசி பேட்டரி.

அப்போது ஒரு பெரியவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். நான் போனில் தமிழ் பேசியது காதில் விழுந்திருக்கிறது.

"தம்பி, என் வீட்டுக்காரம்மாவைக் காணோம். தண்ணி வாங்கிட்டு வர்றதுக்குள்ள எழுந்து எங்கயோ போய்ட்டா. அவளுக்கு இப்பல்லாம் ஞாபகம் நிக்கிறதில்ல."

இதே ஊரில் ஆஸ்டின் டவுன்காரர். பெயர் மணி. மனைவி சரோஜா. ரோஸ் கலர் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார் என்றார். செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டாராம், அவர்கள் கேட்டுகளைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

ஏரியை மறந்துவிட்டு ட்ரோனை மேலே ஏற்றினேன்.

மேலிருந்து பார்த்தால் முழுக்க மரம். இத்தனை நாளும் அந்தப் பச்சையைத்தான் ரசித்து ரசித்து எடுத்தேன். இன்று அது ஒரு ஆளைக்கூடக் காட்டவில்லை.

கேமராவைத் திருப்பியபோது மதிலுக்கு வெளியே ரோடு தெரிந்தது. பஸ்கள் நெருக்கியடித்துக்கொண்டு போயின. மணி அங்கிள் ஸ்க்ரீனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மரமில்லாத இடம் என்றால் பாறைதான். அந்தப் பக்கம் ஓட்டினேன்.

பாறை உச்சியில் இருக்கும் பழைய கோபுரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு ரோஸ் புள்ளி.

நான் ட்ரோனை இறக்கி எடுத்துக்கொள்வதற்குள் அங்கிள் பாதி தூரம் போய்விட்டார். அந்த வயதில் அந்த ஏற்றத்தில் அப்படி ஒரு நடை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்தபடி அவரை முறைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரம் வெயிட் பண்றது? லேட்டா போனா எங்கப்பா திட்டுவாரு."

அங்கிளுக்குக் கண் கலங்கியது. துடைக்கவில்லை.

"ட்ராஃபிக், சரோ. கோச்சுக்காத."

அந்த அம்மா கொஞ்ச நேரம் வேறெங்கோ பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் கொடுத்தார். அங்கிள் உட்கார்ந்ததும் அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தார்.

நான் சத்தமில்லாமல் கீழே இறங்கி, செக்யூரிட்டியிடம் கிடைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

லால்பாக்கில் வாக்கிங் போகும் நண்பர்களே, ஒரு அம்மா தனியாக யாருக்காகவோ காத்திருந்தால் கொஞ்ச நேரம் பக்கத்தில் நில்லுங்கள்.

அவர் வந்துகொண்டுதான் இருப்பார்.