ஆடியில் கிளம்பும் ஜெட்

புதுக்கோட்டை பஸ் ஆவுடையார்கோவிலில் நிற்கிறது. கீழே நிற்கும் அக்கா ஜன்னல் வழியே தன் ஒரு வயதுப் பிள்ளையை என் மடியில் இறக்குகிறாள். ஆவணியில் அவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவனுக்கு நான் ஒரே மாமன். நானோ லண்டன் வழியாக அமெரிக்காவுக்குப் படிக்கக் கிளம்பிவிட்டேன்.

"ஏண்டா தம்பி, ஆவணியில போற பிளேனும் இருக்குன்னு நீதான சொன்ன?"

"அது வேற கம்பெனிக்கா. பழைய விசிறி பிளேனு, நடுவுல எறங்கி எறங்கிப் போகும். இது புதுசா வந்திருக்க ஜெட்! ஆவணியில இதுல எடமில்ல. ஒரே மூச்சுல அட்லாண்டிக்கைத் தாண்டிரும்."

"எறங்கிப் போனா என்னவாம்? இந்தா, பஸ்ஸு நின்னதாலதான் ஒம் மூஞ்சியப் பாக்குறேன்."

எனக்குச் சிரிப்பு வருகிறது. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப இன்னைக்கே குத்திருவமாக்கா?"

"ஆடியிலயா? ஊரு சிரிக்கும். சரி, காலேஜு எப்பத் தொறக்குது?"

"ஆவணிக் கடைசியில."

அக்கா என்னையே பார்க்கிறாள். இரண்டு கம்பெனிகளின் வண்ணத் தாள்களையும் விரித்துப் போட்டு, ஜெட்டின் படத்தைப் பார்த்ததுமே டிக்கெட் எடுத்தவன் நான். இப்போது மாற்றித் தரக் கேட்டால் முடியாது என்கிறார்கள்.

"விடு, எங் கொழுந்தன் மடியில ஒக்கார வச்சுக்கிறோம்."

கண்டக்டர் விசில் கொடுக்கிறார். பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்திருக்கிறான். அக்கா அவன் விரல்களைப் பிரித்து வாங்கிக்கொள்கிறாள். பஸ் நகர்கிறது. ஜெட்டில் போக இப்போது எனக்கு எந்த அவசரமும் இல்லை.