ஓய்வுக்கு ஓர் ஒத்திகை

போன வாரம் என் வீட்டிலேயே இரண்டு படுக்கையறைகளைப் பூட்டிச் சாவியை மனைவி வசந்தியிடம் கொடுத்தேன். திருட்டுப் பயமா? இல்லை... ஓய்வுபெறுவதற்கு ஒத்திகை!

அடுத்த ஆண்டு எனக்கு வேலை முடிகிறது. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். மார்சிலிங் வட்டாரத்தில், மூன்று படுக்கையறை உள்ள இந்த ஐந்தறை வீட்டில் நானும் வசந்தியும் மட்டும்தான். விற்றுவிட்டு ஈரறை வீட்டுக்கு மாறினால் என்ன? ஒரு கூடம், ஒரு படுக்கையறை — போதாதா? மிச்சப் பணத்தைச் சேமநிதியில் போட்டால் ஆயுசுக்கும் மாதாமாதம் வரும். பிள்ளைகளிடம் கை நீட்ட வேண்டாம்.

வசந்தி மசியவில்லை.

"வீடு சின்னதாகலாம், உங்க வாய் சின்னதாகுமா? முதல்ல ஒரு வாரம் இங்கேயே அப்படி இருந்து பாப்போம் லா. அப்புறம் விக்கலாம்."

சவாலா? லீவு போட்டேன்.

முதல் நாள் ஜோர். கூட்டிப் பெருக்கும் வேலை பாதியாகிவிட்டது என்று பீற்றிக்கொண்டேன். மறுநாளே சிக்கல். நான் செய்தி கேட்டால் அவளுக்குச் சீரியல் கேட்கவில்லை. அவள் பூன் லேயில் இருக்கும் தங்கையோடு போனில் பேசினால்... ஐயோ, அது சீரியலைவிட நீளம்! சாம்பாரில் உப்பு கம்மி என்று வேறு வாயைக் கொடுத்தேன்.

"கீழ போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்களேன்."

உத்தரவு!

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல்மேசையில் மணியம் அண்ணன் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து புளோக்குக்காரர். ஒத்திகையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"உனக்கு ஒத்திகை. நான் ஈரறைக்கு மாறினதிலேர்ந்து தினமும் இங்கதான் லா!"

என் மிச்சக் காலமும் இந்தக் கல்மேசையிலா?

கொஞ்ச நேரத்தில் வசந்தியே இறங்கி வந்தாள். கையில் சாவி.

"ஒரு ரூமைத் திறந்துட்டேன். மேல வாங்க. நீங்க இல்லாம வீடு வெறிச்சுன்னு இருக்கு."

விரட்டியதும் அவள்தான், தேடி வந்ததும் அவள்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லிஃப்டிலேயே முடிவாகிவிட்டது — படுக்கையறை இரண்டு உள்ள மூவறை வீடு. மாத வருமானம் கொஞ்சம் குறையும். குறையட்டுமே!

ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் வருகிறார்கள். நாள் முழுக்க இரண்டு பேர் ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று ஒருவராவது சொல்கிறாரா?

இப்போது வீடு பார்க்கப் போகிறோம். ஏஜெண்ட் ஜன்னலைத் திறந்து காற்றோட்டத்தைக் காட்டுகிறார். நாங்களோ இரண்டாவது அறையின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்கிறோம் — சேர்ந்தே!