திரும்பிப் பார்க்காமல் ஒரு சுற்று

முழங்காலுக்குப் பேரன் வாங்கிவந்த தைலத்தைத் திறந்ததும், வெள்ளைக்காரர் காலத்தில் அடர்ந்த புற்காடாக இருந்து இன்று மொட்டையாகிவிட்ட சத்தியமங்கலத்து மலையுச்சியின் சுக்குநாறிப்புல் வாசம் வந்தது. என் சின்ன வயதில், படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவுக்காக அம்மா நேர்ந்துகொண்டபடி, திரும்பிப் பார்க்காமல் அந்த உச்சியை ஒரு சுற்று வந்தோம். ஆளுயரப் புல் இரண்டு பக்கமும் உரச, முன்னால் அம்மா, நடுவில் நான், பின்னால் தங்கச்சியின் தண்டைச் சத்தம்.

பாதி வழியில் அது நின்றுவிட்டது.

"அம்மா, பாப்பா சத்தத்தையே காணமுங்க."

"திரும்பிப் பாக்காத கண்ணு. உங்கப்பன் பொழைக்கோணும், நட" என்றாள் அம்மா.

சுற்றை முடித்துவிட்டு அவளைத் தேடி ஓடினோம். சிறுத்தை இழுத்துப்போன தடத்தில் ஒற்றைத் தண்டைதான் கிடந்தது.

அப்பா எழுந்து நடமாடினார். அம்மா சாகும்வரை, வீட்டுக்குள்கூட, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தாள்.